புகை மேலேதான் போகும்



போன வாரம் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சார்ப்பின் மேல் நிற்கும் தகரக் குழாயைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். "சார், கல்லாவியிலும் ஃபேக்டரி வந்துடுச்சா?" என்று ஓசூரிலிருந்து நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். "பென்ஷனில் கேஸ் வாங்க முடியலையா மாமா?" என்று உறவில் ஒருத்தி. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பெல் அடித்த பிறகும் பாடத்தை விடாத ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன.

அது விறகடுப்பின் புகைபோக்கி. என் கையால் நானே வைத்தது.

வீட்டில் கேஸ் இருக்கிறது. ஆனால் குளிக்க வெந்நீர், களி கிளறுவது, சொந்தபந்தம் வந்தால் பெரிய குண்டானில் சோறு எல்லாம் பின்பக்கத்து விறகடுப்பில்தான். தென்னை மட்டை, பாளை, மாமரத்துக் காய்ந்த கிளை என்று சும்மா கிடைப்பதை யார் விடுவார்கள்? இந்த மார்கழியில் உங்கள் டீச்சரம்மாவுக்கு இருமல் வந்தது. ஒரு மாதம் ஆகியும் போகவில்லை. கேட்டால், "பனிக்கு வர்ற இருமல்தாங்க" என்றாள்.

அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் அம்மா சொன்னது.

1983-ல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கென்று ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து எங்கள் வீட்டுக்கும் ஒரு புகையில்லா அடுப்பு வந்தது. இரண்டு வாய் வைத்த மண் அடுப்பு, கூரைக்கு மேலே போகும் சிமெண்ட் குழாய். அப்போது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அறிவியல் ஆசிரியர். சூடான காற்று லேசானது, மேலே போகும். அது விட்ட இடத்துக்குக் குளிர்ந்த காற்று வரும் என்று எங்கள் அடுப்பையே கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தினேன். பெருமையாக இருந்தது.

மூன்று, நான்கு மாதம் நன்றாக எரிந்தது. பிறகு புகை அடுப்பின் வாய் வழியாகவே திரும்பி வர ஆரம்பித்தது. குழாய்க்குள் கரி அடைத்துவிட்டது. அம்மாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். "ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கிறேம்மா" என்றேன். ஞாயிறுகள் போய்க்கொண்டே இருந்தன. ஒருநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் அம்மா கடப்பாரையால் அடுப்பை இடித்துப்போட்டு, பழைய கொடியடுப்பைப் போட்டிருந்தார். "இது நமக்குச் சரிப்படாது சாமி" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. படிக்காதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது என்று பள்ளியில் சக ஆசிரியர்களிடம் சொல்லவும் செய்தேன். இன்று வரை அந்தப் பேச்சு என் மனதை அறுக்கிறது.

பல வருடம் கழித்து அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர், "அம்மா பீடி குடிப்பாங்களா?" என்று கேட்டார். சண்டைக்குப் போகப் பார்த்தேன். அவர் நிதானமாக, "அப்போ விறகடுப்பா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்குள் சூழும் புகையால் உலகம் முழுவதும் 2020-ல் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இதற்கு வழி தெரியாமலும் இல்லை. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகையில்லாச் சமையலறை பற்றி 1953-லேயே புத்தகம் போட்டார். நமக்குப் பக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், 1974-ல் தொடங்கிய 'அஸ்த்ரா' மையத்தில், மூன்று பானை வைக்கும் 'அஸ்த்ரா ஒலெ' உருவானது. ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு. தேசியத் திட்டம் 2002-ல் நின்றுபோனது. அடுப்பு வைத்துக் கொடுத்தால் போதாது. அடைத்த குழாயைக் குத்திவிட ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

ஆகவே இந்தத் தை பிறந்ததும் வேலையில் இறங்கினேன். புற்றுமண், சாணி, நறுக்கிய வைக்கோல் சேர்த்து மிதித்து இரண்டு நாள் ஊறப்போட்டேன். செங்கல் அடுக்கி இரண்டு வாய் வைத்தேன். இரண்டாவது வாய்க்குள் ஒரு சின்ன மேடு. தீ அதில் ஏறிப் பாத்திரத்தின் அடியைத் தொட்டுவிட்டுத்தான் குழாய்க்குப் போகும். நான்கு அங்குலத் தகரக் குழாய், பத்தடி. கூரையில் ஒரு ஓட்டை எடுத்துவிட்டு, நடுவில் துளையிட்ட தகரத்தைப் பொருத்தினேன். ரீப்பர் கட்டைகளில் குழாய் படாமல் சுற்றிலும் அரை அடி இடைவெளி. இதில் அலட்சியம் கூடாது, கூரையே பற்றிக்கொள்ளும். குழாயின் அடியில் கரி எடுக்க ஒரு பொந்து. அதை ஒரு செங்கல்லால் மூடலாம்.

பத்து நாள் காயவிட்டுப் பற்ற வைத்தேன். புகை முழுவதும் என் முகத்தில்! உங்கள் டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு இருமினாள். வெட்கத்தோடு சிப்காட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவனுக்கு வீடியோ கால் போட்டேன். பார்த்ததும் சொன்னான்: "சார், பக்கத்தில் மாடிச் சுவர் உயரமா நிக்குது. அதில் மோதுற காத்து புகையைக் கீழே அமுக்குது. குழாய் மாடியைத் தாண்டணும். சூடான காத்து மேலே போகும்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க, வழி விடுங்க." அந்த ஞாயிறே ஐந்தடிக் குழாயும் மழை இறங்காத தொப்பியும் கொண்டுவந்து, தானே மாடியில் ஏறி, கம்பி இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். காசு வாங்கவில்லை. களி மட்டும் சாப்பிட்டான்.

இப்போது முதலில் ஒரு காகிதத்தைக் கொளுத்திப் பொந்துக்குள் வைத்துக் குழாயைச் சூடாக்கிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கிறோம். புகை ஒழுங்காக மேலே போகிறது. இருமல் குறைந்திருக்கிறது, இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டோம். நாள்காட்டியில் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். நீளக் கழியின் நுனியில் சாக்கைச் சுற்றிக் குழாய்க்குள் விட்டு இழுத்தால், போன தடவை அரைப்படிக் கரி விழுந்தது. அம்மாவின் குழாயில் எவ்வளவு இருந்திருக்கும் என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். உங்களில் எத்தனையோ பேர் மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போகிறீர்கள். அடுத்த முறை வரும்போது, அம்மாவோ பாட்டியோ வெந்நீர் போடும் இடத்தில் பத்து நிமிடம் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். கண் எரிந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். குழாய் எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்று சொல்கிறேன். மண் மிதிக்க நானும் வருகிறேன். ஆனால் கரி தட்டும் வேலை உங்களுடையது.