யாருடையது முதலில்?

மலாக்காவில் காதில் விழும் 'சாயா புன்யா ரூமா'வைப் பள்ளியில் மலாய் படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்குவார்கள். பாடநூல்படி 'ரூமா சாயா': வீடு முன்னே, உடையவர் பின்னே. பல இனத்தாரும் கடைத்தெருவில் பேசும் சந்தை மலாயோ 'என்னுடைய வீடு' என்று நாம் சொல்வதைப் போல உடையவரை முன்னே நிறுத்தி, நம் 'உடைய'வின் வேலையைப் 'புன்யா'விடம் கொடுத்துவிடுகிறது. கொச்சை என்றால் ஒழுங்கு இருக்கக் கூடாதே! மலாய் மொழியையே தலைமுறைகளாக வீட்டில் பேசிவரும், தமிழ் வணிகர் வழிவந்த காஜா பெராங் செட்டிகளிடமும் மலாக்காவின் பாபா சீனர்களிடமும் இதே வரிசைதான். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் வழிவந்தவர்கள் பேசும் கிரிஸ்தாங்கில் மரியாவின் வீடு 'மரியா சா காஸா'. போர்த்துகீசிலோ 'காஸா டா மரியா'. மூன்று சமூகங்கள் ஒரே ஊரில் ஒரே 'பிழை'யைச் செய்தால் அது பிழையல்ல, விதி.

இதெல்லாம் தமிழின் கைங்கரியம் என்று மீசையை முறுக்க வேண்டாம். ஹொக்கியன் சீனமும் உடையவரை முன்னேதான் வைக்கும். ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதைத்தான் கைகாட்டுகிறார்கள். மலாக்காவின் ஆசஹான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஜாசினுக்குச் சாமான் வாங்கப் போன தமிழருக்கும் சீனக் கடைத் தவுக்கேவுக்கும் உடைமை விஷயத்தில் பிணக்கே இருந்திருக்காது. ஆனால் இடத்தைச் சொல்லும்போது நம் கட்சி தோற்றது. நாம் 'வீட்டில்' என்று உருபைப் பின்னே ஒட்டுகிறோம். சந்தை மலாய் 'டி ரூமா' என்று முன்னேயே வைத்துக்கொண்டது. ஆக, சந்தை கண்டதையும் கலக்கவில்லை, பார்த்துப் பொறுக்கியிருக்கிறது.

சந்தை இலக்கணம் பரீட்சையில் மார்க் வாங்கித் தருமா என்று கேட்கலாம். தராது, ஆனால் எதற்கு எவ்வளவு நேரம் செலவிட வேண்டும் என்று ஆங்கில வாத்தியாருக்குச் சொல்லித் தரும். ஆங்கில உடைமைக்கு இரண்டு வரிசை உண்டு: 'அலிஸ் ஹவுஸ்', 'த ரூஃப் ஆஃப் த ஹவுஸ்'. முன்னது தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டிலேயே பழக்கம். பின்னது பள்ளி மலாயில் பழக்கம். ஆளுக்கு முதலது, பொருளுக்கு மற்றது என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. 'இன்', 'ஆன்', 'அட்' அப்படியல்ல. வீட்டில், சுவரில், பஸ் ஸ்டாப்பில் என மூன்றுக்கும் நமக்கு ஒரே 'இல்'. மலாயிலும் ஒரே 'டி' போதும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல். போதாக்குறைக்குக் காருக்குள் இருப்பவர் 'இன் த கார்', பஸ்ஸுக்குள் இருப்பவர் 'ஆன் த பஸ்'. இதைப் பெரும்பாலும் வழக்கமாகவே பழகிக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குத் தெரிந்த இரண்டு மொழியும் கைவிடும் இடம் இது. ஆசிரியர்களே, உடைமையை ஒரு வாரத்தில் முடித்துவிட்டு, மிச்ச நாளை இந்த மூன்று குட்டிச் சொற்களுக்குக் கொடுங்கள்.