டிராமுக்குக் காத்திருந்தவர்கள்

கொல்கத்தா, ஷியாம்பஜார். குதிரைமேல் அமர்ந்திருக்கும் நேதாஜி சிலையருகே நான்கு நண்பர்கள் எஸ்பிளனேடு டிராமுக்காகக் காத்திருந்தனர். மூவர் வெளியூர், நான்காமவர் உள்ளூர்க்காரர், எனவே நம்பிக்கை அதிகம். காலையில் தின்ற கச்சோரி ஜீரணமாகியும் டிராம் வரவில்லை. நடந்தார்கள்.

நடந்தால் பசிக்கும், நல்லதுதான். காலேஜ் தெருவில் பழைய புத்தகங்களைப் புரட்டிவிட்டு, 1918-ல் தொடங்கிய பாரமவுண்டில் இளநீர் சர்பத் குடித்தார்கள். வழுக்கையும் அதிலேயே மிதக்கும். அடுத்து காபி ஹவுஸ். தலைப்பாகைப் பணியாளர் கொண்டுவரும் பாலில்லாத 'இன்ஃப்யூஷன்' பழகாத நாக்குக்குத் தண்டனை. ஆனால், அங்கே யார் காபிக்காகப் போகிறார்கள்? ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதாடலாம்.

வாதம் டிராமைப் பற்றித்தான். 1902-ல் இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் மாநில அரசு, மைதானம்-எஸ்பிளனேடு தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தது. போக்குவரத்து நெரிசல்தான் காரணம் என்றது. வெளியூர்க்காரர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. டிராமில் பள்ளிக்கூடம் போனவர் பதில் சொல்லவில்லை. பில்லை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மாலையில் எஸ்பிளனேடு. கையில் சூடான காட்டி ரோல். மணியடித்தபடி ஒரு டிராம் வந்தது. ரோலைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு முதலில் ஓடியவர் உள்ளூர்க்காரர். எங்கே போகிறது என்று அவர் கேட்கவில்லை.