காலால் மிதிக்கும் சாமி

புரவி என்கிற மண் குதிரை செய்யும் எங்கள் கொட்டகைக்கு வருகிற பட்டணத்துப் பிள்ளைகள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "வேளாரே, இந்த மண்ணு எப்போ சாமியாகும்?" கண் திறந்ததும் என்று சொன்னால் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். முறைப்படி அது சரியான பதில்தான். ஆனால் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அப்படி ஒரு கோடு போட வராது.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் அய்யனாருக்குப் புரவி செய்து கோயிலுக்குச் சுமந்துபோகும் புரவி எடுப்பு என்றால் முதலில் பிடிமண் கொடுக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுப்பார்கள். வாங்கிய அன்றிலிருந்து வேளாருக்கு விரதம். அதன்பின் வேலைக்கு வண்டி வண்டியாகக் கண்மாய் மண் வரும். அது என்ன மண்? மாடு இறங்கிக் கலக்கியது, ஊரே குளித்தது, மழை வயல்களிலிருந்து அடித்து வந்தது. இதில் சுத்தம், அசுத்தம் பார்க்கிறவன் வேறு தொழிலுக்குப் போகலாம்.

வண்டலோடு மணலும் உமியும் சேர்த்துத் தண்ணீர் விட்டு, காலால்தான் மிதிப்போம். மிதி போதாத மண் பிறகு காட்டிக் கொடுத்துவிடும்; காயும்போதே கீறல் விடும். இறங்குமுன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். காலை வைக்கிறோமே என்று மன்னிப்புக் கேட்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. வா, வேலையை ஆரம்பிப்போம் என்று கூப்பிடுவதாகத்தான் படுகிறது.

புரவிக்கு முதலில் நாலு கால். உள்ளே கூடாக, உருளையாக எழுப்பி நிறுத்துவோம். அது இறுகிப் பதத்துக்கு வந்தபிறகே வயிறு. ஈரக்காலின் மேல் பாரம் ஏற்றினால் கால் உட்கார்ந்துவிடும். நன்றாகக் காய்ந்துபோன காலில் புது மண் ஒட்டாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பதத்தை விரல்தான் சொல்லும். கழுத்து, தலை, காது எல்லாம் பிறகு. உடம்பில் அங்கங்கே ஓட்டை விடுவோம், உள்ளே அடைபட்ட ஆவி வெளியேற. நிழலில் வைத்து உலர்த்துவோம். ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் சிதறும். அது யாருடைய நேர்த்திக்கடன், எத்தனை நாள் வேண்டுதல் என்று நெருப்பு பார்க்காது. அதனால்தான் எங்கள் கொட்டகையில் பக்திப் பேச்சு குறைவு. வேலை நடக்கும்போது பேச்சு பதத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும்தான்.

அதே மண்ணில்தான் பொங்கல் பானை, அகல், முளைப்பாரி ஓடு, நேர்த்திக்கடனுக்குத் தவழும் பிள்ளை, கை, கால் எல்லாம். கல்யாணத்து அரசாணிப் பானையும் சுடுகாட்டுக்குப் போகும் கொள்ளிக்குடமும் ஒரே சக்கரத்திலிருந்து இறங்குகின்றன. என் அப்பத்தா கொள்ளிக்குடத்தையும் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டால்தான் எடுப்பார். இரண்டு கையாலும் ஏந்தித்தான் கொடுப்பார். "உடைக்கப்போறதுதானே ஆத்தா, எதுக்கு இம்புட்டு பார்க்குறீக?" என்று ஒருவர் கேட்டதற்கு, "புரவியுந்தானய்யா உடையப்போகுது" என்றார். சாமியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அநேகமாக அவ்வளவுதான்.

அவர் சொன்னதைக் கோயில் திடலில் பார்க்கலாம். கண்களை மறைத்துக் கட்டிய துணியை அவிழ்த்து, கண் திறந்து, மாலை போட்டு, தோளில் சுமந்துபோய் இறக்கிய புரவிகள் வெட்டவெளியில் நிற்கும். மழையில் வண்ணம் போகும், காது விழும், கால் சாயும். யாரும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதுசு வந்து பக்கத்தில் நிற்கும். பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் வேளார்தான். செய்தவனே விழுந்து கும்பிட்டு எழுந்து திருநீறு கொடுப்பான். வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கையாக இருக்கலாம், எங்களுக்கு இல்லை.

இப்போது சில ஊர்களில் சிமெண்டில் ஒரே தடவையாகக் குதிரை கட்டி எனாமல் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். செலவு மிச்சமாம். குளமங்கலம் அய்யனார் கோயிலில் 30 அடிக்கும் மேல் நிற்கிற பெரிய குதிரையும் கட்டிய குதிரைதான். பார்த்தால் கை தானாகக் குவியும். ஆனால் அங்கே மாலை சாத்த ஜனம் கடலாகக் கூடுகிறது. சின்ன ஊரில் சிமெண்ட் குதிரை வந்தால் பிடிமண் நின்றுபோகும். ஊருக்கும் அய்யனாருக்கும் இடையே இருந்த கொடுக்கல் வாங்கலும் நின்றுபோகும். கெட்டியாக நிற்பதுதான் சாமிக்குப் பெருமை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மண் கிடைப்பது முன்பு பெரும்பாடு. 2024 ஜூனில் விதியைத் தளர்த்தி, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் தாசில்தார் அனுமதியோடே வண்டல் எடுக்கலாம் என்று தமிழக அரசு அறிவித்தது நல்ல காரியம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகள் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வழிகாட்டுதலைத் திருத்தியதும் நல்லதுதான். மிச்சம் வாங்குகிறவர்கள் கையில். சதுர்த்திக்குப் பிள்ளையார் வாங்கும்போது சுடாததாக, வண்ணம் பூசாததாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டு வாளியிலேயே கரைந்துவிடும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். சாக்கடையில் மட்டும் கொட்டாதீர்கள்.