மறுதரப்புக்கு ஒரு பத்தி: அனகாபுத்தூர் நாட்குறிப்பு

ஜூலை 7

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் எழுதும் கட்டுரை பெரும்பாலும் நினைவாற்றலின் பதிவாகவே நின்றுவிடுகிறது. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்னும் சட்டகம் பள்ளியிலேயே கைவந்துவிடுகிறது. எத்தனை மதிப்பெண் வினாவுக்கு எத்தனை பக்கம் என்ற கணக்கு நோட்ஸ் வழியாகவே பரவிவிடுகிறது. ஆகவே எழுதுபவர் தமக்கென ஒரு முடிவை எட்டவேண்டிய தேவை எங்கும் எழுவதில்லை. திறனாய்வுச் சிந்தனை என்பது, ஒரு கூற்றை ஏற்பதற்கு முன் அதற்குச் சான்று எது, அச்சான்று அக்கூற்றைத் தாங்குமா, அதே சான்றுக்கு வேறு விளக்கம் பொருந்துமா என்று கேட்கும் பழக்கமாகும். அப்பழக்கத்தை விரிவுரையால் ஊட்ட முடியாது, எழுதவைத்தே வளர்க்க முடியும் என்ற எண்ணத்தில், சென்னைப் புறநகரான அனகாபுத்தூரிலிருந்து கல்லூரிக்குச் சென்றுவரும் ஆசிரியர் ஒருவர் இப்பருவத்தின் கட்டுரைத் தாளை ஒரே வினாவின் மேல் அமைத்திருக்கிறார். அடையாற்றங்கரை வீடுகளை அகற்றினால் அனகாபுத்தூரில் வெள்ளம் நிற்குமா என்பதே அவ்வினா. 2025 மே மாதத்தில் அக்கரையில் வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பெரும்பாக்கம், கீரப்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்ட நிலையில், வகுப்பில் இவ்வினாவுக்கு விடை ஏற்கெனவே இருந்தது, ஒன்றல்ல, இரண்டு.

ஜூலை 15

முதல் வரைவுகள் வந்தன. இரு தரப்பிலும் பெரும்பாலானவை ஒற்றைக் காரணத்தில் நின்றன. அகற்றத்தை எதிர்த்தவர்களின் தாள்களில் சிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வந்த வாக்கியம், 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால்தான் அனகாபுத்தூர் மூழ்கியது என்பது. இவ்வாக்கியம் வெறும் வதந்தி அன்று. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, செய்தித்தாள்கள் சி.ஏ.ஜி. அறிக்கை என்று சுருக்கிச் சொல்வது, அவ்வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே வகைப்படுத்தியது. ஏரியில் இன்னும் நீரைத் தேக்கியிருக்கலாம் என்பது அறிக்கையின் வாதம். கரையின் பாதுகாப்பைக் கருதியே திறக்கவேண்டியிருந்தது என்பது அரசுத் தரப்பின் பதில். வரைவுகளில் முதலாவது மட்டும் இருந்தது, அதுவும் அறிக்கையின் பெயர் இன்றி. ஆசிரியர் வாக்கியத்தைத் திருத்தவில்லை. ஓரத்தில் ‘இது தெரிந்தது எப்படி?’ என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார்.

ஜூலை 17

வகுப்பில் அடையாற்றின் படம் விரிக்கப்பட்டது. ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் உபரிநீரைச் சேர்த்துக்கொண்டு, முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக இறங்கிவரும் ஆறு திருநீர்மலை அருகே வரும்போதுதான் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர்க் கால்வாய் அதனுடன் கூடுகிறது. அக்கூடலுக்குக் கீழே அனகாபுத்தூர் இருக்கிறது, அதற்கும் கீழே மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை. இதைப் பார்த்துக்கொண்டிருந்த முடிச்சூர் மாணவி ஒருவர், “எங்க ஊர்லயும் மாடி வரைக்கும் தண்ணி வந்துச்சு சார், ஆனா செம்பரம்பாக்கம் தண்ணி எங்க பக்கம் வராதே” என்றார். 2015இல் எட்டு, ஒன்பது வயதிலிருந்த பிள்ளைகளின் நினைவில் கிடந்த செய்தி படத்தின்மேல் வைக்கப்பட்டதும் சான்றாக மாறிவிட்டது. கூடலுக்கு மேலேயுள்ள ஊர்களும் மூழ்கின என்றால், ஏரித் திறப்பு ஒன்றே முழு வெள்ளத்துக்கும் காரணமாக முடியாது. டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

ஆனால் கவனிக்கத்தக்கது அடுத்து நிகழ்ந்தது. வகுப்பின் பாதிப் பேர் உடனே எதிர்ப்பக்கம் தாவி, அப்படியானால் திறப்புக்கும் வெள்ளத்துக்கும் தொடர்பே இல்லை என்று எழுத முற்பட்டனர். ஒரு காரணம் போதாது என்று காட்டுவதும் அது காரணமே அன்று என்று காட்டுவதும் வேறு வேறு. கூடலுக்குக் கீழே இரண்டு நீரும் சேர்ந்தே ஓடின. ஆகவே அனகாபுத்தூரைப் பொறுத்தவரை திறப்பு வெள்ளத்தைப் பெருக்கியிருக்கும் என்பது நிற்கிறது, அது மட்டுமே என்பதுதான் விழுகிறது. இந்தச் சிறிய வேறுபாட்டை வாய்ப்பேச்சில் நழுவவிட்டுவிடலாம். எழுதும்போது ‘தான்’ என்ற இடைச்சொல்லை வைப்பதா எடுப்பதா என்று பேனா நிற்கவேண்டியிருக்கிறது.

ஜூலை 24

மறுதரப்பையும் எடைபோட்டு எழுதும் இப்பயிற்சி மேல்நாட்டிலிருந்து வந்தது என்ற எண்ணம் துறையிலேயே சிலருக்கு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி இயற்றிய நன்னூல், நூலாசிரியர் கொள்ளும் நிலைகளை ஏழு மதங்களாக வகுக்கிறது. பிறர் கொள்கைக்கு உடன்படுவது, அதை மறுப்பது, முதலில் ஏற்றுப் பின் களைவது, இருவர் மாறுபடும்போது ஆராய்ந்து ஒருபக்கம் துணிவது ஆகியவை அவற்றுள் அடங்கும். மூன்றாவது நிலை தனிக் கவனத்துக்கு உரியது; மறுக்கப்போகும் கருத்துக்கு முதலில் இடம் கொடுத்த பிறகே அதைக் களைவது அது. உரையாசிரியர்கள் தடை எழுப்பி விடை கூறியதும், சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியாகப் பிறர் கொள்கையையும் தன் கொள்கையையும் அமைத்ததும் இவ்வழியே. இவ்வேழு மதங்களும் இடம்பெறும் நன்னூல் பாயிரத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்கள் அதைத் தம் கட்டுரைக்கான கருவியாக ஒருபோதும் கையாண்டதில்லை என்பது பாடத்திட்டத்தின் குறையே.

ஆகஸ்ட் 4

மறுதரப்புக்கு விடைகூறும் கல்லூரிக் கட்டுரைக்கு முன்மாதிரி ஒன்று உண்டு. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு மாறுவதற்கு முன், ஜார்ஜ் டவுனில் இயங்கிய காலத்தில், மெய்யியல் மாணவர் ஒருவர் முதுகலைப் பட்டத்துக்காக ஆய்வுக்கட்டுரை ஒன்று எழுதினார். வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்று கிறித்துவ விமர்சகர்கள் சொல்லிவந்ததே அதன் தூண்டுதல். வேதாந்தத்தின் அறவியலும் அதற்கு அடியிலுள்ள மெய்ப்பொருள் கோட்பாடுகளும் அதன் பொருள். எழுதியவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1908இல் அது அச்சேறியபோது அவருக்கு வயது இருபது. தாள் யார் கைக்குப் போயிற்று என்பதில்தான் சுவை இருக்கிறது. அவருடைய ஆசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் ஒரு மறைபணியாளர். கர்மம், மீட்பு ஆகிய இரண்டையும் ஒப்பிட்டுக் கல்லூரி இதழில் தாமே தொடர்கட்டுரை எழுதியவர். தம் சமயத்தார் வைத்த குற்றச்சாட்டுக்குத் தம் மாணவர் எழுதிய மறுப்பை அவர் பாராட்டிச் சான்றளித்தார்.

அக்கட்டுரை நடுநிலையான ஆய்வு அன்று, வழக்காடும் எழுத்துதான் என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எனினும் எதிர்த்தரப்பார் பயன்படுத்திய சொற்களிலேயே அவர்களுக்கு விடைகூற வேண்டியிருந்ததால், வீட்டிலிருந்து கொண்டுவந்த நம்பிக்கையை அதே வடிவில் திரும்ப எழுதிவிட அம்மாணவரால் முடியவில்லை. கல்லூரிக் கட்டுரையிடம் எதிர்பார்க்கத்தக்கது இவ்வளவே. ஹாக் பின்னர் அக்கல்லூரியின் முதல்வரானார். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய உலக மறைபணி மாநாட்டையொட்டி, பிற சமயங்களைப் பற்றி இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் முன்வைத்த கருத்தைத் தம் சொந்தத் தரப்புக்குள்ளேயே நின்று மறுத்தார்.

ஆகஸ்ட் 6

சாட்ஜிபிடியைக் கொண்டு எழுதப்பட்ட சில தாள்கள் எளிதில் அடையாளம் தெரிந்தன. அவற்றில் இருதரப்பும் சம அளவில் இருக்கின்றன, எத்தரப்பும் யாரையும் உறுத்துவதில்லை. முடிச்சூர் அவற்றில் இல்லை.

ஆகஸ்ட் 19

அறுபது பேர் வகுப்பில் முழுக் கட்டுரையை மும்முறை திருத்துவது நடவாத காரியம் என்பதால், ஆசிரியர் ஒரு பத்தியை மட்டுமே திருத்துகிறார்: எழுதுபவர் ஏற்காத தரப்பை, அத்தரப்பாரே படித்து ‘சரியாகச் சொல்லியிருக்கிறார்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதும் பத்தி. மற்றப் பகுதிகளுக்கு இன்டர்னல் மதிப்பெண் மட்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. உறவினர் வீடு இடிபட்ட மாணவி ஒருவரிடம், இடித்தவர்களின் வாதத்தை வலுவாக எழுதச் சொல்வது எந்த அளவுக்கு நியாயம்? வகுப்பில் ஆராய வைக்கப்படும் கூற்றும் பறிகொடுத்த வீடும் ஒரே வகையான பொருள்கள் அல்ல. இதைக் கருதாமல் எல்லாரையும் எதிர்ப்பக்கத்தில் நிறுத்தும் பயிற்சி சிந்தனையை வளர்ப்பதைவிட மௌனத்தையே வளர்க்கும். ஆசிரியர் அம்மாணவிக்கு விலக்களித்தார், வேறு தலைப்பும் தந்தார். நெசவைப் பற்றியது அது. அனகாபுத்தூரின் தறிகளிலிருந்து மதராஸ் கைக்குட்டைத் துணி நைஜீரியாவுக்குப் போனதையும், அச்சந்தை கைநழுவியபின் வாழைநார் போன்ற இயற்கை இழைகளில் இங்கே நெய்யத் தொடங்கியதையும் எழுதலாம் என்றார். மாணவி அதை ஏற்கவில்லை, முதல் வினாவையே எழுதினார்.

அவருடைய மறுவரைவில் அரசுத் தரப்பின் பத்தி இப்படி அமைந்திருந்தது: ஆற்றின் அகலம் குறைந்தால் அதே நீர் உயர்ந்தே ஓடும், கரையில் குடியிருப்போர்தான் முதலில் மூழ்குவர், ஆகவே அகற்றம் அவர்களின் உயிர்க்காப்புக்கும் உரியது. அதை அடுத்து வந்த விடையில், அகலமே அளவுகோல் என்றால் அது எல்லாக் கட்டுமானங்களுக்கும் பொருந்தவேண்டும் என்றும், சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாக நீள்வதை அரசு ஆக்கிரமிப்பு என்று அகற்றுவதில்லை என்றும் எழுதியிருந்தார். வகுப்பில் இதைப் படித்துக்காட்டியபோது கைதட்டல் எழுந்தது. ஆசிரியரோ, அப்பாலத்தின் தூண்கள் நீரோட்டத்தைத் தடுத்தன என்பதற்கு ஆதாரம் காட்டவேண்டும் என்று ஓரத்தில் குறித்தார். ஒரே அளவுகோலைக் கேட்பவருக்கும் அந்த அளவுகோல் பொருந்துமே. மாணவி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நீர்வளத் துறைக்கு மனு அனுப்பியிருக்கிறார். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, தாள் சமர்ப்பிக்கும் நாள் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. எனவே அந்த வாக்கியம் இப்போதைக்கு ‘தடுத்தது’ என்பதை விட்டு, ‘தடுத்ததா என்பது அளக்கப்பட வேண்டும்’ என்ற வடிவில் உள்ளே போகிறது.