ஜீப்புக்கு ஒரு ஜோடி ஷாக் அப்சர்பர்

பன்னீர் திராட்சைக்கு மருந்தடிக்கிற செலவுக் கணக்கை எழுதுறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது அப்படியே நிக்குது. ரெண்டு மாசத்துக்கு மேல என் பொழப்பு பூராவும் எங்க ஜீப்புக்கு அடியிலதான் போச்சு. அதனால இந்த வாரம் அதையே எழுதிடுறேன்.

எங்க வண்டி 1989 மாடல் மஹிந்திரா எம்எம் 540. டீசல் ஜீப். மலைக்கு மேல ஏலத் தோட்டம் வச்சிருந்த ஒருத்தர்கிட்ட இருந்து 1996ல எங்க அப்பா வாங்கினது. பட்டணத்துல இதை 'கிளாசிக்'னு சொல்றாங்களாம். புதுசா பெயிண்ட் அடிச்சு, பெரிய டயர் மாட்டி, ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிய எடுக்கிறாங்கன்னு சென்னையில இருக்கிற என் பையன் போட்டோ அனுப்புவான். எங்களுக்கு அது கிளாசிக் எல்லாம் இல்லீங்க. மாட்டு வண்டிக்கு அடுத்து வந்த வண்டி, அவ்வளவுதான்.

கம்பம் பள்ளத்தாக்குல ஜீப் இல்லாம வேலை ஓடாது. விடியக்காலையில போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியா ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு போற ஜீப்புகளைப் பார்த்திருப்பீங்க. எங்க தேவை வேற. எங்க தோட்டத்து வீட்டுல இருந்து தார் ரோட்டுக்கு ரெண்டே முக்கால் கிலோமீட்டர். பாதி தூரம் வண்டிப்பாதை, மீதி ஓடைக்கரை. வியாபாரியோட வேன் உள்ள வராது. அறுத்த பழத்தை கிரேட்டுல அடுக்கி, ஜீப்புல ஏத்தி, ரோட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும். 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ ஊரே சந்தோஷப்பட்டுச்சு. ஆனா குறியீடு வந்தாலும் எங்க பாதை மாறலை.

இந்த மாசியில எங்க அம்மா திண்ணையில இருந்து சறுக்கி உக்கார்ந்த வாக்குல விழுந்துட்டாங்க. வயசு 81. தேனிக்குக் கூட்டிட்டுப் போய்ப் படம் எடுத்துப் பார்த்தா, முதுகெலும்புல ஒரு கண்ணி நசுங்கியிருக்கு. ஆபரேஷன் வேண்டாம், பெல்ட் போட்டு மருந்து சாப்பிட்டா ஆறிடும், மாசம் ஒரு தடவை கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னார். "கீழ உக்காரக் கூடாது, குனியக் கூடாது, குலுங்கக் கூடாது" என்றார். மூணாவதைக் கேட்டதும் நானும் வீட்டுக்காரியும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். எங்க பாதையில குலுங்காம எப்படிப் போறது?

பையன் போன்ல சொன்னான்: "அப்பத்தாவை இங்க கூட்டிட்டு வாங்கப்பா. அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க." அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. பதினஞ்சு வருஷம் தாண்டின கார், ஜீப்புக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயா இருந்தது 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. அம்மாகிட்ட சென்னைப் பேச்சை எடுத்தேன். "மூணாவது மாடியில கொண்டுபோய் வச்சா நான் எங்கிட்டுடா வெத்தலை எச்சி துப்புவேன்?" அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

சரி, வண்டியையாவது மெத்துன்னு ஆக்குவோம்னு அடியில படுத்துப் பார்த்தேன். முன்னாடி ரெண்டு ஷாக் அப்சர்பரும் எண்ணெய் ஒழுகி மண் அப்பிக் கிடந்துச்சு. பின்னாடி ஷாக்கே இல்ல. சேஸ்ல ஒரு முளை, கீழ அச்சுப் பக்கம் ஒரு முளை, ரெண்டும் சும்மா நீட்டிக்கிட்டு இருக்கு. முப்பது வருஷமா இந்த வண்டியைப் பார்க்கிறேன். அந்த முளைக்கு என்ன வேலைன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லிடுறேன். ஜீப்போட எடையைத் தாங்குறது கமான் பட்டை. ஷாக் அப்சர்பர் எடை தாங்காது. பள்ளத்துல இறங்கி ஏறினதும் பட்டை துள்ளும். அந்தத் துள்ளலை அடக்குறதுதான் ஷாக்கோட வேலை. உள்ள எண்ணெய் இருக்கும், சின்னச் சின்ன ஓட்டை வழியா அந்த எண்ணெய் திணறிப் போகும். துள்ளலோட பலம் அங்க சூடா மாறிக் கரைஞ்சிடும். ஷாக் இல்லாத வண்டி ஒரு பள்ளத்துக்கு ஒரு தடவையோட நிக்காது, நாலு தடவை ஆடும்.

எங்க வண்டியை வழக்கமா பார்க்கிறவர் உத்தமபாளையத்துல ஒரு பாய். அவர் அப்போ கண் ஆபரேஷன் பண்ணி ஓய்வுல இருந்தார். நானே பார்த்துக்கலாம்னு மதுரைக்குப் போய், கடையில வண்டிப் பேரைச் சொல்லி நாலு ஷாக் வாங்கிட்டு வந்தேன். முன்னாடி ரெண்டும் அச்சா உக்கார்ந்துச்சு. பின்னாடியும் மேல, கீழ புஷ் மாட்டி, வாஷர் போட்டு, ஸ்பிளிட் பின் குத்தினேன். நாலு நாள் சுகமா ஓடுச்சு. பன்னிரண்டாம் நாள் ஓடைப் பள்ளத்துல இறங்குறப்போ 'டக்'குன்னு சத்தம். குனிஞ்சு பார்த்தா ஷாக்கோட மேல் வளையம் பிய்ஞ்சு தொங்குது.

சரக்கு போலின்னு நினைச்சேன். தேனியில நல்ல கம்பெனி சரக்கா கேட்டு இன்னொரு ஜோடி வாங்கினேன். அதுவும் மூணு வாரம் தாங்கலை. அதே இடத்துலதான் போச்சு. டீக்கடையில ஒருத்தர், "நீளம் பத்தலை, நீளமானதா போடுங்க"ன்னு சொன்னார். அது சரின்னு பட்டுச்சு. பையனைப் புதுப்பேட்டைக்கு அனுப்பினேன். அவன் லீவு போட்டு, ஒரு நாள் பூரா கடை கடையா அலைஞ்சு, மூணு இஞ்ச் நீளமான ஜோடி ஒண்ணைப் பிடிச்சுப் பஸ்ல போட்டு விட்டான்.

அதை மாட்டின மறுநாள்தான் அம்மாவை மாசச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். முன் சீட்டுல தலகாணி வச்சு, பெல்ட் போட்டு உக்கார வச்சிருந்தோம். பின்னாடி வீட்டுக்காரி, ரெண்டு உர மூட்டை, நாலு காலி கிரேட்டு. ஓடைக்கரையில ஒரு கல்லுல ஏறி இறங்கினதும், கடப்பாரையால அடியில குத்தின மாதிரி ஒரு இடி. அம்மா 'ஐயோ'ன்னு கத்தினாங்க. எங்க அம்மா கத்தி நான் கேட்டதில்லை. அப்பா செத்தப்போ கூட வாயில முந்தானையை வச்சுக்கிட்டாங்களே தவிர கத்தலை. வண்டியை நிறுத்திட்டேன். ஸ்டீயரிங் மேல இருந்த கை நடுங்குச்சு. "ஒண்ணுமில்லடா, போ"ன்னு சொன்னாங்க. மீதித் தூரத்தை நடக்கிற வேகத்துலதான் ஓட்டினேன். எலும்புக்கு ஒண்ணும் ஆகலைன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வண்டியில, சேஸ் மேல இருந்த முளை வளைஞ்சிருந்தது.

அன்னைக்கே பாய் வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு திண்ணையில உக்கார்ந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டார்.

"ஷாக்கை அளந்தீங்களா தம்பி?"

"அளந்தேன் பாய். இழுத்தா எவ்வளவு, அமுக்கினா எவ்வளவுன்னு எழுதியே வச்சிருக்கேன்."

"வண்டியை அளந்தீங்களா?"

நான் முழிச்சேன்.

"சட்டை தைக்கிறவன் ஆளை அளப்பானா, பழைய சட்டையை அளப்பானா? ரெண்டு நாள் கழிச்சு வண்டியைக் கொண்டாங்க."

அவர் பண்ணினது இதுதான். வண்டியைச் சமதரையில நிறுத்தி, மேல் முளையோட நடுவுல இருந்து கீழ் முளை நடு வரைக்கும் டேப் பிடிச்சார். பதினேழரை இஞ்ச். அடுத்து சேஸுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைத் தொங்க விட்டார். பத்தொன்பதரை. அப்புறம் அச்சு மேல போய் ரப்பர் கட்டையில முட்டினா எவ்வளவு வரும்னு கணக்குப் பார்த்தார். பதிமூணு.

"இப்ப உங்க சீட்டைப் படிங்க."

முதல் ரெண்டு ஜோடியும் அமுக்கினா 12, இழுத்தா 19 இஞ்ச். புதுப்பேட்டை ஜோடி அமுக்கினா 14, இழுத்தா 22.

படிக்கும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு. சக்கரம் பள்ளத்துல தொங்குறப்போ பத்தொன்பதரை வரைக்கும் இறங்குது. ஷாக்கோ 19 தான் நீளும். அந்த அரை இஞ்சுக்குச் சக்கரத்தோட மொத்த எடையும் வளையத்தைப் பிடிச்சு இழுத்திருக்கு, அது பிய்ஞ்சுபோச்சு. நீளமானதைப் போட்டப்போ இன்னொரு வம்பு. அச்சு ரப்பர் கட்டையில முட்டுறதுக்கு ஒரு இஞ்ச் முன்னாடியே ஷாக் முழுசா அமுங்கி இரும்புத் தடி ஆயிடுச்சு. அந்த இடிதான் அம்மா முதுகுக்குப் போனது. நான் பழி சொன்ன மதுரைச் சரக்கு மேல ஒரு குத்தமும் இல்ல. இந்த வண்டிக்குச் சரியான சரக்குதான் அது.

"அப்ப குத்தம் எதுல பாய்?"

பாய் கமான் பட்டையைத் தட்டிக் காட்டினார். "இது உங்கப்பா வேலை. ரெண்டு பட்டை கூடுதலா போட்டிருக்கார். வண்டி ரெண்டு இஞ்ச் தூக்கிக்கிட்டு நிக்குது. அப்பவும் ஷாக் இப்படித்தான் பிய்ஞ்சுது. இது எதுக்குன்னு கழட்டிப் போடச் சொல்லிட்டார். நான்தான் கழட்டினேன்."

1998ல நல்ல விளைச்சல். ஒரே நடையில 35 கிரேட்டு ஏத்தணும்னு அப்பா கமான் பட்டறையில பட்டை கூட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. சுமை ஏறினா கீழ உக்காராது, பாரு வண்டியைன்னு பெருமையா காட்டுவார். அந்தப் பட்டையில ஓடின வண்டிதான் என்னைப் படிக்க வைக்காட்டியும் என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்துச்சு, கிணத்தை ஆழப்படுத்துச்சு.

கூடுதல் பட்டையைக் கழட்டினா வண்டி அதோட சொந்த உயரத்துக்கு வந்துடும், 12க்கு 19 ஷாக் பொருந்தும். ஆனா ஒரு நடைக்கு 22 கிரேட்டுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு பாய் கண்டிப்பா சொல்லிட்டார். ஒரு நடை ரெண்டு நடை ஆகும். டீசல், நேரம், ஆள் கூலி. யோசிச்சு சொல்றேன்னு வீட்டுக்கு வந்துட்டேன். உண்மையைச் சொன்னா, கணக்கு மட்டும் தடுக்கலை. அப்பா போட்டதைக் கழட்ட மனசு வரலை.

முடிவு பண்ணினது வீட்டுக்காரி. மறுநாள் ரோட்டுக்கு வந்த கிரேட்டுல கொத்துல இருந்து உதிர்ந்து அடியில கிடந்த பழத்தை அள்ளித் தராசுல வச்சா. ஒரு கிரேட்டுக்கு முக்கால் கிலோ. ஆட்டம் அதுக்கு ஆகாது. உதிரிக்கு வியாபாரி காசு கொடுக்கிறதில்ல. 35 கிரேட்டுக்கு 26 கிலோ. "இருபது வருஷமா இத வழியில கொட்டிக்கிட்டு வந்திருக்கோம். மாமா இருந்திருந்தா அவரே கழட்டியிருப்பாரு"ன்னு சொன்னா. நான் பதில் பேசலை.

பட்டையைக் கழட்டியாச்சு. பாய் மறுபடி அளந்தார். நிக்கிறப்போ பதினஞ்சரை, தொங்கினா 18, முட்டினா 13. வளைஞ்ச முளையை மாத்தி, அதே சாதாரண அளவுல ஒரு ஜோடி புதுசு. 12க்கும் 19க்கும் நடுவுல பதினஞ்சரை. ஏறவும் இடம் இருக்கு, இறங்கவும் இடம் இருக்கு. மாட்டுறதுக்கு முன்னாடி ஷாக்கை நட்டமா பிடிச்சு அஞ்சாறு தடவை இழுத்து அமுக்கச் சொன்னார். கடையில படுக்க வச்சிருந்ததால உள்ள காத்து மாறியிருக்கும், அது வெளியேறினாதான் பிடிப்பு வரும்.

உங்ககிட்ட அப்பா, தாத்தா காலத்து வண்டி ஏதாவது இருந்தா, கடையில மாடல் பேரை மட்டும் சொல்லி ஷாக் வாங்காதீங்க. முப்பது வருஷத்துல பட்டை தொய்ஞ்சிருக்கலாம், யாராவது கூட்டியும் இருக்கலாம். நிக்கிறது, தொங்குறது, முட்டுறது, இந்த மூணு அளவையும் சீட்டுல எழுதிட்டுப் போங்க. மாட்டின பிறகு கரடுமுரடு ரோட்டுல கொஞ்சம் ஓட்டிட்டு, இறங்கி ஷாக்கைத் தொட்டுப் பாருங்க. வேலை செஞ்சா வெதுவெதுன்னு இருக்கும். ஒண்ணு மட்டும் சில்லுன்னு இருந்தா அது சும்மா தொங்குதுன்னு அர்த்தம்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவைத் தேனிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஓடைக்கரை தாண்டி ரோடு ஏறின பிறகு திரும்பிப் பார்த்தேன். வெத்தலை மென்னுக்கிட்டு இருந்தாங்க. "எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டேன்.

"உங்கப்பா ஓட்டுன மாதிரி இல்ல"ன்னாங்க. அது குறையா, நிறையான்னு எனக்குப் பிடிபடலை. நானும் கேட்கலை.

வண்டியை ஓரங்கட்டி, இறங்கிக் குனிஞ்சு பின்னாடி ரெண்டு ஷாக்கையும் தொட்டுப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்துட்டு, "என்னடா, வண்டிக்குக் காய்ச்சலா?"ன்னு கேட்டாங்க.

"ஆமாம்மா. ரெண்டுக்கும் ஒரே மாதிரி காய்ச்சல்."

கழட்டின நாலு பட்டையும் மோட்டார் ரூம்ல சுவர் ஓரமா சாத்தி வச்சிருக்கேன். இரும்புக்குப் போடலை. அடுத்த வாரம் கவாத்து ஆரம்பிக்குது. மருந்துக் கணக்கை அதுக்குள்ள எழுதிடப் பார்க்கிறேன்.