கத்தரி படாத பாவாடை

நவராத்திரிக் குமாரி பூஜையில் இரண்டு வயதுக் குழந்தையைக் குமாரி என்றும், மூன்று வயதினளைத் திரிமூர்த்தி என்றும், இப்படியே ஏறிப் பத்து வயதினளைச் சுபத்ரா என்றும் வழிபடுவது மரபு. அந்தக் கணக்கு பத்தோடு நின்றுவிடுகிறது. அதன்பின் அவள் வளரும் கணக்கை வைத்திருந்தவர் தையற்காரர்தாம்.

சின்னமனூரில் எழுபதைக் கடந்த அம்மையார் ஒருவர், தாயை இழந்த மகள்வயிற்றுப் பேத்தியை வளர்த்துவருகிறார். பேத்தியின் பாவாடைக்கு எப்போதும் அடியில் மூன்று ‘டக்’ பிடிக்கச் சொல்வார். பெண் உயர உயர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியதுதான். பிரித்த இடத்தில் வெளுக்காத துணி புதுக்கரைபோலப் பளிச்சிடும். அதுவும் போதாமற்போனால் பாவாடை பையாகும், பிறகு அடுப்படியில் கரித்துணியாகும். நீடித்து உழைக்கும் ஆடை வடிவமைப்பு என்று இன்று கல்லூரிகளில் கற்பிப்பதைக் கம்பம் பள்ளத்தாக்கின் தையற்கடைகள் பெயரிடாமலே செய்துவந்தன.

சென்ற ஆண்டு பேத்தி பெரியவளானாள். தாய்மாமன் சீராக, சரிகையும் ஜமிக்கியும் மின்னும் லெஹங்கா ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார். ஒரு நாள் உடுத்தினால் பீரோவுக்குள் போகும். பாலியஸ்டர் ஆதலால் மண்ணிலும் எளிதில் மட்காது. ஆனால் பெண் அதைப் பார்க்கவே இல்லை.

“அம்மாச்சி, எனக்கு அம்மாவோட சுங்குடிச் சேலைதான் வேணும்” என்றாள்.

தந்தைவழி அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. “இல்லாதவங்க சேலையை நல்ல காரியத்துக்கா உடுத்துறது?” என்றார். அவர் கேட்டதில் வன்மம் இல்லை. குழந்தைக்கு ஏதும் நேர்ந்துவிடக்கூடாதே என்ற அச்சம்தான். அம்மையார் அன்று முழுவதும் பதில் சொல்லவில்லை. மறுநாள் விளக்கேற்றிய பின், “சுமங்கலியாப் போனவளுக்குப் புடவை வெச்சுக் கும்பிடுறோம். அவ புடவை அவ பெத்த பொண்ணுக்கு மட்டும் ஆகாதா, மதினி?” என்று கேட்டார். அத்தை வாதிடவில்லை, சம்மதிக்கவும் இல்லை.

மதுரைச் சுங்குடியின் புள்ளிகள் அச்சிட்டவை அல்ல. சௌராஷ்டிரப் பெண்கள் துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, உலர்ந்தபின் அவிழ்த்தால் கட்டிய இடமெல்லாம் வெண்புள்ளியாக நிற்கும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்புடவையில் கத்தரி வைக்க அம்மையாருக்கு மனம் வரவில்லை. தையற்காரர் ஐந்தரை மீட்டரையும் அப்படியே நாடாவில் சுருக்கி, ஓட்டுத்தையல் போட்டு, மிகுந்த அகலத்தை உள்ளே மடித்து டக் பிடித்துத் தந்தார். நூலை உருவினால் மீண்டும் முழுப் புடவையாகிவிடும். அவள் புடவை கட்டும் நாளில் தாயுடுத்தியபடியே உடுத்தலாம்.

தாய்மாமனின் சீர் குறையவில்லை. ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டிக்குப் போய், தறியில் நெய்த பருத்தியில் தாவணி எடுத்துவந்தார். தட்டில் மின்னுவதற்கு ஒன்றுமில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது; ஒரு தட்டுப் பழம் கூடுதலாக வைத்துச் சரிக்கட்டினார்.

சடங்கன்று அத்தை மஞ்சள் நீர் ஊற்றிவிட்டு ஒதுங்கியே நின்றார். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு அதே பாவாடையில் பேத்தி வந்தாள். முல்லையாற்றங்கரைக் கூட்டத்தில் தாவணி தோளைவிட்டு நழுவியது. அத்தை தம் ரவிக்கையிலிருந்த ஊக்கைக் கழற்றி அதைக் குத்திவிட்டு, பாவாடையின் சுருக்கத்தை ஒருமுறை நீவிப் பார்த்தார்.