பிடிவாதச் சக்கரம்

தூத்துக்குடியிலிருந்து நெல்லைக்குச் செல்கையில், வல்லநாட்டுக்கு அருகே காரின் பின்சக்கரம் காற்றிழந்தது. ஜாக்கியை ஏற்றினேன். நட்டுகள் நான்கும் எளிதில் கழன்றன, சக்கரமோ அசையவில்லை. மாட்டுவண்டியில் குடம் என்கிறோமே, காரில் அது ஹப். அதனோடு ஒட்டிக் கிடந்தது. சினத்தில் ஓங்கி உதைத்தேன். ஜாக்கி சாய்ந்தாடியது. முழங்கால் வலியால் இறங்க இயலாத என் தாயார் வண்டிக்குள் அமர்ந்திருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உப்பேற்றி வந்த லாரி ஒன்று நின்றது. “அண்ணாச்சி, முதல்ல ஆச்சிய இறக்குங்க” என்றார் ஓட்டுநர். அம்மாவை நிழலில் அமர்த்திய பின், நட்டுகளை மீண்டும் பூட்டி ஒரு சுற்று மட்டும் தளர்த்தினார். ஜாக்கியை இறக்கி, வண்டியை மெல்ல முன்னும் பின்னும் சில அடி நகர்த்தச் சொன்னார். ‘டக்’கென்று ஓர் ஒலி. வண்டியின் பாரமே பிடிப்பை விடுவித்துவிட்டது. மறுபடியும் ஜாக்கி ஏற்றியபோது சக்கரம் கையோடு வந்தது. ஸ்டெப்னியை மாட்டித் தந்தவர், பணம் வாங்க மறுத்துவிட்டார்.

அலுமினியச் சக்கரமும் இரும்பு ஹப்பும் உப்பீரத்தில் அரித்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்று பின்னர்ப் பட்டறையில் அறிந்தேன். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரங்களைக் கழற்றி இடம் மாற்றச் சொன்னதை வீண்செலவென்று நான்கு ஆண்டுகள் தள்ளிப்போட்டவன் நான். உப்பளக் காற்றிலேயே வாழ்பவனும்கூட! இப்போது ஹப்பின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, அதன் முகத்தில் மட்டும் மெல்லியதாகக் கிரீஸ் பூசச் செய்கிறேன். நட்டு ஏறும் மரைகளில் படலாகாது.

நெல்லை சேரும்வரை அம்மா அந்த உதையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.